தையல் மேசைக்கு மேலே ஒரு காடு

அந்தத் தையல்காரிக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜன்னல் இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு ஹோட்டலில் திரைச்சீலைகளுக்கு ஓரம் அடிக்கப் போனவள். நிலவறையில், குழல் விளக்கு வெளிச்சத்தில் ஏழு வருஷம் தைத்தாள். கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நூல் மாற்றிக் கோத்து ஏச்சு வாங்கியிருக்கிறாள். அதனால்தான், வீட்டிலேயே தைப்பது என்று முடிவானதும், வெளிச்சம் வரும் அந்த ஒரே ஜன்னலடியில் வெட்டு மேசையைப் போட்டு, "இது என் இடம், யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஏதோ ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது லிஃப்ட் வாசலில் குப்பையோடு கிடந்த தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீளநீளமாக இலை, ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைக் கோடு.

"ஸ்பைடர் பிளான்ட்டும்மா. சிலந்திச் செடி. ஒரு மூலையில அது பாட்டுக்கு இருக்கும்."

அது பாட்டுக்கு இருக்கவில்லை. ஆறே மாதத்தில் நீளமான காம்புகளை நீட்டி, நுனிக்கு நுனி குட்டி போட்டுத் தொங்கவிட்டது. குட்டியைக் கிள்ளி எறிய அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்தார். விருந்தாளி வந்த அன்று காபி கொடுக்க வீட்டில் ஒரு டம்ளர் இல்லை.

போதாக்குறைக்கு வகை வகையாகச் சேர்க்கவும் ஆரம்பித்தார்.

"இதப் பாரு, இதுக்கு வெள்ளை ஓரத்துல இருக்கு. நம்மகிட்ட இருக்கறதுக்கு நடுவுல. இது முழுப் பச்சை, இதுதான் கெட்டி. இது சுருட்டை!"

"எனக்கு எல்லாம் ஒரே புல்லுதாங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்ட!" நிஜமாகவே வருத்தப்பட்டார்.

குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி பழுப்பாகிறது என்று மழைத் தண்ணீரைப் பிடித்து நடையில் நான்கு வாளிகள் வைத்தார். துணிக்கட்டைச் சுமந்து வரும்போது அவள் அதில் காலை விட்டது எத்தனை தடவை என்று கேட்கவே வேண்டாம். கொடுத்தாவது தொலையட்டும் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார். அடுத்த வருஷம் மாடிவீட்டு அம்மா ஒரு தட்டு நிறைய ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க குடுத்தது குட்டி போட்டிருக்குங்க. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேசை மேல் வைக்கக் கூடாது என்றுதானே சட்டம்? மேலே கொக்கி அடித்துத் தொங்கவிட்டார். ஜன்னலே மறைந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு வெட்டும்படி ஆயிற்று.

ஒரு வியாழக்கிழமை, பாட்டு டீச்சருடைய மேடை உடுப்பு மேசையில் விரித்திருந்தது. தந்த நிறப் பட்டு சாட்டின். தண்ணீர் பட்டால் வளையமாகக் கறை நிற்கும் ரகம். காலையில் அவர் ஊற்றிய தண்ணீர், மேலே தொங்கிய தொட்டியின் அடித்தட்டில் நிறைந்து வழிந்து, சொட்டு சொட்டாக இடுப்புப் பக்கத்தில் விழுந்திருந்தது. அவள் உடுப்பைச் சட்டென்று இழுத்தெடுத்து விளக்கடியில் பிடித்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு சொட்டுதானேம்மா?" என்றார்.

அந்த 'தானே'தான் அவளைக் கொதிக்க வைத்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இந்த ஜன்னல் காலியாகணும். இல்லன்னா மெஷினத் தூக்கிட்டு நான் காலி பண்றேன்!"

அதே துணி கடையில் தீர்ந்துபோயிருந்தது. மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கறையை மறைக்கும்படி அகலமாக ஒரு இடுப்புப் பட்டை தைத்தாள். டீச்சர் வந்தபோது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். டீச்சர் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"பட்டை நான் கேக்கல. ஆனா பரவால்லக்கா, இருக்கட்டும்." பிறகு மேலே பார்த்து, "அந்தச் சுருட்டை இலைச் செடி ஒண்ணு கிடைக்குமா?"

"ரெண்டா எடுத்துட்டுப் போங்க!" என்றாள் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிறு காலை அவர் ஒவ்வொரு தொட்டியாகத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பொறுமை போய், அவளே இறக்கத் தொடங்கினாள். கட்டடத்தின் பின்பக்கம், மதில் ஓரமாக வெறும் மண். மழை பெய்தால் சேறு தெறித்துக் கீழ்வீட்டுக்காரர்களின் கொடித் துணியெல்லாம் நாசமாகும். அங்கேதான் தோண்டினாள். தொட்டிகளிலிருந்து செடி வரவில்லை. முள்ளங்கி மாதிரி தடித்த வெள்ளை வேர்கள் உள்ளே இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சுத்தியலால் தொட்டியை உடைத்து எடுத்தாள். ஒவ்வோர் உடைப்புக்கும் அவர் முகம் சுளித்தார்.

"அந்தக் கோடியில வேணாம்மா. மத்தியான வெயில் நேரா விழும்."

"நீங்க பேசாம இருங்க."

அளவு நாடாவைப் பிடித்து ஒரு சாண் இடைவெளியில் வரிசை வரிசையாக நட்டாள். பச்சை பின்னால், வெள்ளை ஓரம் முன்னால். எழுபத்து மூன்று செடி. அவர் வாளி சுமந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் நிழல் பக்கம் முழுக்க வேர் பிடித்து, காம்பு விட்டு, குட்டிகள் தாமே மண்ணில் ஊன்றிக்கொண்டு பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டன. சேறு தெறிப்பது நின்றது. வெயில் கோடியில் நட்டவை மட்டும் கருகின. கருகியதைவிட, அவர் சொன்னது பலித்ததுதான் அவளுக்கு எரிச்சல். அவரோ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"சார் போட்ட தோட்டம் எவ்வளவு நல்லா இருக்கு!" என்றார்கள் கீழ்வீட்டில்.

"தோண்டினது நானுங்க," என்றாள் அவள். "இடுப்பு இன்னும் நேராகல."

ஜன்னல் திரும்பக் கிடைத்தது. கருநீலம் கருநீலமாகத் தெரிந்தது. அவர் குளியலறை அலமாரியில் இரண்டு தொட்டிகளோடு அடங்கினார்.

போன மாதம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தாள். வரவேற்பு மேசையில் ஒரு செடி, வெள்ளை ஓரம், வதங்கிக் கிடந்தது. தனக்கென்ன என்று வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம்தான். எழுந்து போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தினம் ஊத்தறீங்களா? வேரு அழுகிடும்மா. மண்ணு காஞ்ச பிறகு ஊத்தினாப் போதும். இது ஓரத்துல வெள்ளை உள்ள ரகம்…" என்று சொல்லிக்கொண்டே போனவள், தன் வாயில் யார் பேசுவது என்று உறைத்து வாயை மூடிக்கொண்டாள்.

வரவேற்பில் இருந்த பெண் முகம் மலர்ந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி! உள்ள இதோட குட்டி நாலு இருக்கு, தரட்டுமா?"

"வேண்டாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில், கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துப் பார்த்தார்கள்.