எட்டு ஆப்புகள்

கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சுண்டுவிரல். மரத்தரை போடும்போது நான்கு சுவரோரமும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் விடாமல் அவர் ஆணி தொட்டதில்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே சின்னச் சின்ன மர ஆப்புகளைச் செருகுவார். தரை முடிந்ததும் அவற்றை உருவிவிட்டு, இடைவெளி தெரியாமல் மேலே சட்டம் அடிப்பார். முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

மகளைக் கொடுத்த வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"என்ன சம்பந்தி, பலகை பத்தலையா? சுவர் வரைக்கும் வரலையே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மழைக்காலத்துல மரம் ஈரத்தைக் குடிச்சு உப்பும் சம்பந்தியம்மா. நகர இடம் இல்லேன்னா நடுவுல தூக்கிடும்."

கடைசி நாள். சட்டம் அடிக்கும் நேரத்தில் மகள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அப்பா, நான் எது செஞ்சாலும் அத்தை அரைகுறைன்னு சொல்றாங்க. உங்க வேலையிலயாவது குறை சொல்ல முடியாம பண்ணிடுங்கப்பா." அந்தக் குரலே காதில் ஓடிக்கொண்டிருந்தது. மீதியை எப்படி முடித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினார். நாற்பது ஆப்பு இருக்க வேண்டும், முப்பத்திரண்டுதான் இருந்தது. ஜன்னல் பக்கச் சுவர்! எட்டையும் உருவாமலே சட்டம் அடித்துவிட்டார்.

மழைக்கு இன்னும் இரண்டு வாரம். சும்மா இருந்தால் தரை எழும்பும்போது மரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. போய்ச் சொன்னாலோ, பேச்சு வாங்கப்போவது மகள்.

மறுநாள் காலையில் கடப்பாரைத் துண்டோடு போய் நின்றார்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களா சம்பந்தி?"

"ஆமா. எட்டு ஆப்பை உள்ளேயே விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"சம்பந்தி வீட்டுக்கே ஆப்பா? நல்லா இருக்கே கதை!"

சமையலறை வாசலில் மகளின் முகம் செத்துப்போனது. அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சட்டத்தை நெம்பினார், ஆப்பை ஒவ்வொன்றாக உருவினார். சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணினார். எட்டாவது வந்ததும் தன் சுண்டுவிரலை இடைவெளியில் விட்டுப் பார்த்தார். சரியாக நுழைந்தது.

"பாத்துக்கோடி," என்றார் மருமகளிடம். "உங்கப்பா தப்புப் பண்ணா வீடு தேடி வந்து சொல்றாரு. நீ பாலைப் பொங்க விட்டுட்டு அடுப்பு சரியில்லைங்கறே."

"அடுப்பும் சரியில்லதான் அத்தை," என்றாள் மகள்.

 சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். அந்த வீட்டில் மகள் எதிர்ப்பேச்சு பேசி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை.

மழை வந்தது, பலகைகள் உப்பின. சட்டத்துக்கு அடியில் தேவைப்பட்ட மட்டும் நகர்ந்துகொண்டன. தரை சமமாகவே கிடந்தது.