பீரோவுக்குள் எரிந்த பல்பு

1. மூன்றாம் முறை

கலா மூன்றாவது தடவையாக அந்த சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைப் படியேறியபோது எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏற்காட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் தூக்கி வந்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடித்த பொம்பளை என்று என்னை வேடிக்கை பார்க்கவே சிலர் வருவார்கள். "வேலைக்கு வந்தீங்களா, வேடிக்கைக்கு வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவேன். என் வாய் அப்போதிலிருந்தே அப்படித்தான்.

கலா ஏற்காட்டு மலைமேல் இருக்கிற கிளியூர்க்காரி. சுற்றுவட்டார எஸ்டேட் ஆபீஸ் கணக்குகளை வீட்டிலேயே டைப் செய்து கொடுத்துப் பிழைத்துவந்தாள். அப்பா கருப்பண்ணன், எஸ்டேட் லாரி டிரைவர். காலமெல்லாம் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி ஏறியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோக, ஊட்டோடு இருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அன்றைக்குத் தெரிந்தது மெசினின் வியாதி மட்டும்.

"அக்கா, டைப் பண்ணுனா நாள் முச்சூடும் ஓடுதுங்க. எங்கப்பா கார் கேம் போட்டாத்தான் செத்த நேரத்துல பொசுக்குன்னு அணைஞ்சு, மறுபடியும் தானா ஸ்டார்ட் ஆகுதுங்க."

கேம் போட்டால் மட்டும் ரீஸ்டார்ட் என்றால் முதல் சந்தேகம் சூடுதான். டைப் அடிக்கும்போது பிராசசர் பாதித் தூக்கத்தில் இருக்கும். கேம் வந்தால் முழு மூச்சாக உழைக்கும், கொதிக்கும். அதனால் முதல் தடவையே ஃபேனைக் கழற்றித் துடைத்து, சூட்டை உறிஞ்சுகிற ஹீட் சிங்க்குக்குப் புதுப் பேஸ்ட் தடவி, டேபிளில் வைத்து அதே கேமை ஓட விட்டேன். மத்தியானம் வரை ஓடியது. ஒரு தும்மல்கூட இல்லை.

இரண்டாம் தடவை மலையில் வோல்டேஜ் ஆட்டமாக இருக்கும் என்று உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். இந்தத் தடவை மெமரி ராமை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கடையில் சமர்த்தாக ஓடும். மேலே போனதும் படுத்துவிடும்.

"சார், எனக்கென்னவோ இது ஹீட்டுதான்னு தோணுதுங்க" என்றேன் முதலாளியிடம்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்மா மல்லிகா, ஏற்காட்டுல மனுசனே கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடக்கறான். அங்க போயி மெசின் சூடாகுதுங்கறியே! சேலத்து வெயில்ல ஓடுனது அங்க ஓடாதா?"

அவர் கலாவிடம் திரும்பினார். "ஏம்மா, மெசின்ல ஒண்ணுமில்ல. பெரியவரு கண்டதையும் அமுக்கியிருப்பாரு. கேம் ஆடறத நிறுத்தச் சொல்லு, எல்லாம் சரியாப் போயிரும்."

"இல்லீங்க சார், அவருக்குக் கை..." என்று கலா ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு ஸ்கூல்காரர் பெரிய ஆர்டரோடு உள்ளே வர, முதலாளி எழுந்து போய்விட்டார். கலா சிபியூவுக்கு ஸ்வெட்டரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அதற்கப்புறம் புகாரே வரவில்லை. முதலாளிக்கு ஒரே பெருமை. "பாத்தியாம்மா, ஸ்க்ரூடிரைவரே தொடாம சரி பண்ணிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2. பிரின்டர் பார்க்கப் போனேன்

அது ஐப்பசி மழையில் நடந்தது. மாசியில் கலா போன் செய்தாள். பிரின்டர் மக்கர் பண்ணுகிறது, எஸ்டேட் கணக்கு நாளைக்கே வேண்டும் என்று அங்கே கணக்கெழுதும் ரைட்டர் குதிக்கிறார், நீங்களே வந்துவிடுங்கள் என்றாள். எங்கள் கடையில் மலைக்கு ஆள் அனுப்புகிற வழக்கமே கிடையாது. ஒயரை எங்கே செருகுவது என்று காட்டி, மெசினை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புவோம். ரிப்பேர் என்றாலும் அவர்கள்தான் இறக்கிக்கொண்டு வரவேண்டும். அன்றைக்கு முதலாளி ஊரில் இல்லை. நான் பஸ் ஏறிவிட்டேன்.

சின்ன ஊடு. மேசைமேல் மானிட்டரும் கீபோர்டும் இருந்தன. பக்கத்து நாற்காலியில் கருப்பண்ணன் வலது கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மிணி. பஸ்ஸுல நொம்பக் கூட்டமுங்களா? கலா, ஒரு காப்பி வெய்யி சாமி."

பிரின்டர் கேபிளைப் பார்க்கவேண்டும். "சிபியூ எங்க கலா?" என்றேன்.

"இதுக்குள்ளதாங்க்கா" என்று அவள் மேசையை ஒட்டி நின்ற மர பீரோவைத் திறந்தாள்.

இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல முகத்தில் அனல் அடித்தது. அந்துருண்டை வாசனை. கீழ்த்தட்டில் பட்டுப்புடவைக்கும் மடித்த ஜமுக்காளத்துக்கும் நடுவில் சிபியூ நிற்கிறது. மேலே ஆணியில் ஒரு ஹோல்டர் தொங்குகிறது. அதில் அறுபது வாட் குண்டு பல்பு ஜம்மென்று எரிகிறது. ஒயர்கள் வெளியே வரப் பக்கப் பலகையில் ஓட்டை. கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும்.

"அட கடவுளே! இதென்ன கலா, கோழிக்குஞ்சா பொரிக்கறீங்க?"

கலா விழித்தாள். கருப்பண்ணன்தான் சொன்னார். "பல்பு போடலீன்னா பூசணம் புடிச்சுருமுங்க அம்மிணி. இங்க பனிமஞ்சு ஊட்டுக்குள்ளயே வந்துருமுங்க. துணிமணி, செருப்பு, போட்டோ அல்லாம் ஒரே வாரத்துல பச்சையாப் பூத்துரும். எங்கூர்ல பல்பு இல்லாத பீரோவே இல்லீங்க."

மலையில் இது அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது சேலத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான். வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான் என்று கம்ப்யூட்டரைப் பட்டுப்புடவையோடு வைத்துப் பல்பும் போட்டிருக்கிறார்கள். டைப் அடிக்கிற சூட்டை அது தாங்கியது. கேம் சூட்டைத் தாங்கவில்லை, அணைந்து அணைந்து எழுந்தது. என் சந்தேகம் சரிதான், ஹீட்தான். எனக்கு அப்போது ஒரே குஷி. முதலாளி முகத்தில் கரியைப் பூசலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

3. வலது கை

சிபியூவை மேசைமேல் எடுத்து வைத்தேன். பிரின்டரைச் சரி செய்தேன். கலா எப்போதோ அழித்துவிட்டிருந்த கேமைத் திரும்ப ஏற்றினேன். "வாங்கய்யா, வந்து உங்க வண்டிய எடுங்க. இனி நடுவழில நிக்காது" என்று கூப்பிட்டேன்.

அவர் தயங்கித் தயங்கி நாற்காலியை இழுத்துப் போட்டார். இடது கையால் வலது கையை எடுத்துக் கீபோர்டின்மேல் வைத்தார். அம்புக்குறி பட்டன்கள் வலது பக்கம்தானே இருக்கும். கார் புறப்படுவதற்காக உறுமியது. விரல் அசையவில்லை. உள்ளங்கையை நோக்கி மடங்கிப் போயிருந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டினார். விட்டதும் அவை திரும்ப மடங்கிக்கொண்டன. மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டன.

இடது கையாலேயே அழுத்திப் பார்த்தார். முதல் வளைவிலேயே கார் போய்ச் சுவரில் மோதியது. மலைப்பாதையில் ஒரு நாள்கூடச் சுவரை உரசாத மனிதர் அவர்.

"போதுமுங்க அம்மிணி. வண்டிய நிறுத்திருங்க."

கலா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அப்போதுதான் முழுக்கதையும் சொன்னாள். விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்களாம். "நான் என்ன கொளந்தையா?" என்று தூக்கி எறிந்தாராம். ஆனால் இந்தக் கார் கேமைக் கண்டதும் பித்துப் பிடித்துவிட்டது. பொழுது விடிந்தால் கீபோர்டுதான். விரல் மெல்ல மெல்ல அமுக்க ஆரம்பித்தது. சட்டைப் பித்தானைத் தானே போடுகிற அளவுக்கு வந்துவிட்டார். டாக்டரே வாய் பிளந்தாராம்.

"அப்பறம்தானுங்க்கா உங்க கடையில கேம் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. 'என்னால உன்ற பொழப்பு கெட வேண்டாம் கண்ணு'ன்னு அவரே எந்திரிச்சுட்டாருங்க. நானும் சரின்னுட்டேன். இப்ப டாக்டரு, இனிமே இந்தக் கை வராது, விட்டுருங்கன்னுட்டாருங்க."

அன்றைக்குக் கடையில் அவள் முடிக்காமல் விட்ட பேச்சு இதுதான். யாரை வைவது என்று தெரியவில்லை. என் கோபம் எப்போதும் முட்டாள்தனமான இடத்தில்தான் போய் விழும். விடுவிடுவென்று முன்னறைக்கு வந்தேன். பீரோவுக்குள் அந்தப் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கருமத்த இங்க யாரு மாட்டுனது?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

கலா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்தது. வாயைத் திறந்தாள்.

"நாந்தானுங்க அம்மிணி" என்றார் கருப்பண்ணன். "மெசினு வந்தன்னைக்கே நாந்தான் மாட்டுனேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஹோல்டரைப் பார்த்தேன். பீரோவின் மேல்பலகையில் ஆணி அடித்து, ஒயரை முறுக்கி, டேப் சுற்றி அழகாகக் கட்டியிருந்தது. தொங்குகிற ஹோல்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பல்பை அமுக்கித் திருகவேண்டும். மெசின் வந்ததே அவருக்குக் கை விழுந்த பிறகுதான். அந்தக் கை இப்போது மடியில் மல்லாந்து கிடந்தது.

கலா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சரிங்கய்யா. வெளிய வெச்சாச்சு, இனி ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன். அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

அதற்கப்புறம் முதலாளியிடம் சண்டை போட்டு, மலைக்கு ஆள் அனுப்ப வைத்தேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். மெசினைத் திறப்பதற்கு முன்னால் அது எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் வாயைத் திறந்து கேளுங்கள். யார் ஓட்டுகிறார்கள், எதற்காக ஓட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் பேச ஆரம்பித்தால் முடிக்க விடுங்கள். ஓட்டாதே என்று சொல்வது ரிப்பேர் ஆகாது.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். எந்த வீட்டிலும், எந்தப் பழுதுக்கும், இதை யார் செய்தது என்று கேட்காதீர்கள். நமக்கு அது தேவையே இல்லை. அன்றைக்கு நான் கேட்காமல் இருந்திருந்தால், கையும் போய் வண்டியும் போய் உட்கார்ந்திருந்த மனிதர் மகளுக்காக அந்தப் பொய்யையும் சொல்லவேண்டி வந்திருக்காது.