இழுக்காத பக்கத்துச் சக்கரம்

நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். ஆனால் இன்றைக்கு ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து என் லாரி செட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரன் கைவேலையை விட்டுவிட்டு வந்து வழி காட்டுவான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவே இருந்தாலும் என்ன, நானாகச் சம்பாதித்தது, யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை.

இப்போது முட்டி பிடித்துக்கொண்டது. செட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. பிரேக் வேலை முடிந்து ஒவ்வொரு வண்டியும் வெளியே வரும்போது என் பெரிய மகன் டிரைவரிடம் கேட்கிறான், "நேரா போவுதா?" என்று. நிக்குதா என்று கேட்பதில்லை. சொல்லிச் சொல்லி என் வாயும் ஓய்ந்துவிட்டது.

இதே கேள்வியை நானும் கேட்டவன்தான். அப்போது மூணாங்கிளாஸ்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். அப்பா லாரி ஓட்டியவர். பிறகு சித்தப்பாவோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டுவதெல்லாம் சித்தப்பா. முதலாளி என்ற பெயர் அப்பாவுக்கு.

அத்தையை நாட்றாம்பாளையத்தில் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் பிறந்த வீட்டுக்காரர்கள் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். "எங்க தங்கச்சி கார்லதான் வருவா" என்று அப்பா சம்பந்தி வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். முதல் நாள் பார்த்து கார் முரண்டு பிடித்தது. பிரேக்கில் கால் வைத்தால் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. சித்தப்பா மாங்காய் மண்டி வேலையாகப் போயிருந்ததால் அப்பாவே வண்டியை ஓசூருக்கு எடுத்துப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மேஸ்திரி கன்னடக்காரர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, இடது முன்சக்கரத்தைத் தட்டித் தட்டி அப்பாவிடம் கன்னடமும் கொஞ்சம் தமிழுமாக நீளமாக என்னவோ சொன்னார். பெங்களூர், நாளான்னிக்கு என்ற இரண்டு மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேஸ்திரி. நாளைக்கு விசேஷம். இப்ப நேரா போனா போதும்" என்றார் அப்பா.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். தட்டின சக்கரத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய், வலது சக்கரத்தில் எதையோ திருகித் தளர்த்தினார். "ஆய்த்தண்ணா, முடிஞ்சுது. மெல்ல போங்க" என்றார்.

பாகலூர் ரோட்டில் அப்பா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு பிரேக்கை மிதித்துக் காட்டினார்.

"நேரா போவுதாப்பா?"

"அம்பு மாதிரி!"

அன்றைக்கு உலகத்திலேயே பெரிய மெக்கானிக் எங்கள் அப்பாதான்.

மறுநாள் சித்தப்பா ஓட்ட, அப்பா முன்னால், அம்மாவும் நானும் வளையல் தட்டும் பலகாரத் தட்டுமாகப் பின்னால். போகப் போக சித்தப்பாவின் பேச்சு குறைந்தது. காலால் பெடலை விட்டு விட்டு மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தேன்கனிக்கோட்டை தாண்டி மலை இறங்குகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

"என்னாத்துக்குடா நிறுத்தன?"

"பெடல் அடி வரைக்கும் போவுதுண்ணா. நேரா போவுது, சரி. நிக்க மாட்டேங்குதே! இதுல நான் மலை எறங்க மாட்டேன். புள்ளத்தாச்சிய இதுல ஏத்தவும் மாட்டேன்."

"நேத்துதான்டா மேஸ்திரிகிட்ட காட்டிட்டு வந்தேன். உனக்கு பயம்னா சாவியக் குடு. லாரி ஓட்டினவன்டா நான்."

சித்தப்பா சாவியை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேட்டியை இறக்கிவிட்டார்.

அம்மா அழாத குறை. "தட்டோட பஸ்ஸுல போயி நின்னா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கறது தம்பி?"

"உசுரோட முழிங்க அண்ணி."

பின்னால் வந்த பஸ்ஸை அப்பா கை காட்டி நிறுத்தினார். தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். சம்பந்தியம்மா எங்கள் கால் புழுதியைப் பார்த்துவிட்டு, "காருன்னு சொல்லியனுப்பினீங்க, வழியில கரைஞ்சு போச்சா?" என்றார். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னண்ணன் வரல?"

"அவனுக்கு மலைன்னா பயம்" என்றார் அப்பா. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி மாசம் திரும்புவதற்குள் வீடு இரண்டாகி, கார் கைமாறி, சித்தப்பா கர்நாடகா பக்கம் டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். வண்டி ஓட்டப் பயந்தவன் என்றுதான் கடைசிவரை எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு.

வளைகாப்பு முடிந்து அன்று சாயந்திரம் திரும்பும்போது பஸ் முக்கி முனகி மலையேறியது. முன் சீட்டில் ஜன்னலோரம் அத்தை. மேலே எங்கள் கார் அப்படியே நின்றிருந்தது. இடது முன்சக்கரம் கழற்றித் தரையில் கிடந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்து, கறுப்பாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்த பிரேக் கட்டை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"சின்னண்ணா!" அத்தை வளையல் குலுங்கக் கையை வெளியே நீட்டினாள். "நிறுத்தச் சொல்லுண்ணா."

"ஏத்தத்துல பஸ் நிக்காது" என்றார் அப்பா.

எனக்கு சித்தப்பாவை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. வண்டி இழுத்தது வலது பக்கம். இவர் இடது பக்கத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறாரே! அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

பிற்பாடு லாரி கிளீனராகி வண்டிக்கு அடியில் முதுகு தேயக் கிடந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தச் சக்கரம்தான் ஒழுங்காகப் பிடிக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஆயில் ஒழுகி, கட்டை நனைந்து, பிடிக்காமல் கிடக்கும். பிடிக்கிறதையும் தளர்த்திவிட்டால் வண்டி அம்பு மாதிரி போகும். நிற்காது.

இது பதினெட்டு வயதிலேயே புரிந்துவிட்டது. மற்றது புரிய இந்த நாற்காலிக்கு வரவேண்டியிருந்தது. லாரி ஓட்டிய மனுஷனுக்கு அந்த நனைந்த கட்டை இன்னதென்று பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். அப்புறம் குண்டும் குழியுமான அந்த ரோடு. அந்த ரோட்டில், அந்த பஸ்ஸில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டாலும் யாராலும் தூங்கியிருக்க முடியாது.