கமாலுதீன் வீட்டுக் கப்பல்

சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை காலை, மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் கமாலுதீன். கடலூர் முதுநகரில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

"சார், நீங்க பழைய கப்பல் படமெல்லாம் சேக்குறீங்களாமே? எங்க வூட்ல ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க."

இதற்குமேல் என்ன வேண்டும்? அண்ணாமலை நகரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சரக்குக் கப்பல் வைத்திருந்தவர்கள் தங்கள் கப்பலை ஓவியமாக வரைந்து கூடத்தில் மாட்டிக்கொள்வார்கள் – நாம் கல்யாண போட்டோ மாட்டுவதுபோல. எனக்கு அந்தப் படங்கள்மேல் பைத்தியம். அதற்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

கமாலுதீன் வீட்டுப் படத்தில் மூன்று பாய்மரங்கள். கொடி முன்பக்கமாகப் பறந்தது. விஷயம் தெரியாதவர்கள் வரைந்தால், காரில் கட்டிய கட்சிக் கொடி மாதிரி பின்னால் பறக்கும். ஆனால் கப்பலைத் தள்ளுவதே பின்னாலிருந்து அடிக்கும் காற்றுதானே? வரைந்தவனுக்குக் கடல் தெரிந்திருக்கிறது. நான் சொக்கிப்போனேன்.

அப்புறம்தான் கப்பலின் முகப்பைப் பார்த்தேன். கமாலுதீனின் பூட்டனார் பெயர். தமிழில், பளபளவென்று எனாமல் பெயிண்டில்... அடியில் மங்கலாக ஏதோ ஆங்கில எழுத்துகள்.

"பாய்... இது?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பூட்டனாருக்குக் கப்பல் இருந்தது நிஜமாம். படம்தான் கிடையாது. இது எப்போதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஏலத்தில் கமாலுதீனின் அத்தா, அதாவது அப்பா, எடுத்தது. கடை போர்டு எழுதுகிறவரை வைத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்.

"நாளைக்கு பரங்கிப்பேட்டைலேர்ந்து பாப்பாவ பொண்ணு பாக்க வராங்க சார். கப்பல்காரவூட்டு சம்பந்தம்னுதான் வராங்க. நீங்க பக்கத்துல ஒக்காந்து, இது எங்க பூட்டனார் கப்பல்தான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நிக்காஹ் முடிஞ்சதும் படம் உங்களுக்கு."

மறுத்தேனா? இல்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன் – வாராவாரம் உங்களுக்கு நியாயம் சொல்லும் நான், பஸ்ஸில் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வீடு திரும்பினேன். படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுவரை முடிவாகிவிட்டது.

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுதான் உங்க கப்பலா?"

கமாலுதீன் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். "அதாவது... இந்த மாதிரிக் கப்பல்கள் எல்லாம்..."

டீ கொண்டுவந்த ரிஸ்வானா – எம்.சி.ஏ. படிக்கும் கல்யாணப் பெண் – தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்ல மாமி. எங்களுக்குக் கப்பல் இருந்துச்சு. ஆனா இது அது இல்ல. பேரு மட்டும் எங்க வூட்ல எழுதுனது."

கமாலுதீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான். போச்சு, ஒரு நல்ல சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். கூடவே படமும் போச்சு என்று நினைத்ததை மறைக்கவில்லை.

அந்த அம்மாள் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க வூட்லயும் ஒண்ணு மாட்டியிருக்கு. ஏதோ காலண்டரப் பாத்து வரஞ்சது. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து, கேக்குறவுங்களுக்கெல்லாம் எங்க கப்பல்னு நான்தான் சொல்லிகிட்டு இருக்கேன். இந்தப் பொண்ணு வந்தா எனக்கு விடுதல."

அங்கேயே பேசி முடித்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தப் பெண்ணை எழுந்து நின்று கும்பிடலாம்போல இருந்தது.

போன ஞாயிறு நிக்காஹ். பிரியாணி முடிந்ததும் கமாலுதீனை மெதுவாக ஓரம் கட்டினேன்.

"பாய்... அந்தப் படம்?"

"பாப்பாவோட சீர்ல அனுப்பிட்டேன் சார். சம்பந்தியம்மா கேட்டாங்க."

"எனக்குத் தர்றதா சொன்னீங்களே?"

"ஆமா சார். ஆனா நீங்கதான் பொய்யே சொல்லலியே?"

சொல்லத் தயாராகத்தான் இருந்தேன் என்று, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் வாதாடுவது?