கம்பளிக் கரடி

உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது. மூடுபனிக்குள், தேயிலைச் செடிகளுக்கிடையே, கறுப்பாக ஏதோ இறங்கி வருகிறது. "கரடி" என்று பின்வாங்குகிறேன். பஸ் படியில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண் சிரிக்கிறாள்.

"கரடியில பல தினுசு இருக்குங்க. நாம மரத்துல ஏறுனா பின்னாலயே ஏறி வர்றது ஒண்ணு. எறங்குற வரைக்கும் கீழயே குந்தியிருக்கிறது இன்னொண்ணு."

"இது எது?"

"இது என்னயக் கண்டா பயப்படுற ஜாதிங்க."

கிட்டே வந்த கரடி, தலையில் போர்த்திய கம்பளியை விலக்குகிறது. உள்ளே அவள் கணவர். பஸ் சத்தம் நின்றதை மேலே லயத்து வீட்டிலிருந்தே கேட்டு, அவளுக்குப் போத்தலில் சூடாகத் தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்க்கிறார்.

"மொதல்ல ஐயாவுக்குக் குடு. ஏன் இப்படி நடுங்குறாரு?"

"குளிருதான்," என்கிறாள், என் பக்கம் திரும்பாமல்.