சங்குக்கு எச்சில் கிடையாது

எங்கள் அம்மாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே எதிரிகள்: எச்சில், பல்லி. வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் கடித்த கொய்யாவை இன்னொருவர் கடித்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். பல்லி விஷயம் இதைவிட மோசம். எனக்குக் காய்ச்சல் வந்து போனால் பின்னாலேயே கீழுதட்டு ஓரத்தில் நாலைந்து கொப்புளங்கள் கொத்தாக வரும். தூங்கும்போது பல்லி மூத்திரம் பெய்துவிட்டது என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போவாள். செய்யாத குற்றத்துக்கு எங்கள் வீட்டுப் பல்லிகள் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. தூத்துக்குடியில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் சித்தி குடும்பம். சித்தி மகள் என்னைவிட ஒரு மாதம் இளையவள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பேச்சையெல்லாம் நான் எடுத்துக்கொண்டதால் அவளுக்குப் பேச மிச்சமில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் ஆண்டு விழாவைக் குத்துவிளக்கோடு சங்கும் ஊதித் தொடங்க வேண்டும் என்று எங்கள் தலைமை ஆசிரியைக்கு ஆசை வந்தது. முத்துநகர்ப் பள்ளிக்கூடம் என்றால் சும்மாவா என்றார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போகும் ஒரு மாணவியின் அப்பா, இரண்டு கைக்கும் அடங்காத ஒரு வெண்சங்கைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். வகுப்பு வகுப்பாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஊதச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வெறும் காற்றுத்தான் வந்தது. எனக்கு முதல் ஊதலிலேயே சத்தம் வந்தது. அதற்கு அடுத்தபடி சித்தி மகளுக்கு வந்தது. மூன்று முறை ஊத வேண்டும். ஊதுவது நான், எனக்கு ஏதாவது ஆனால் அவள் என்று முடிவாயிற்று. எனக்கு ஏதாவது ஆவதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சங்கு ஊதுறது எழவு வீட்டுல. பொம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கு? எத்தன பேரு வாய் வச்ச சங்கோ!" என்று குதித்தாள். நாசரேத்திலிருந்து வரும் எங்கள் வகுப்பு டீச்சர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற, பைபிளைக் கரைத்துக் குடித்த டீச்சர், "பெருமாள் கையிலயே இருக்கிற சங்கும்மா அது. அதுக்கு எச்சி ஏது?" என்று ஒரே போடாகப் போட்டார். பெருமாளை எதிர்த்துப் பேச அம்மாவால் முடியவில்லை. பயிற்சிக்காகச் சங்கு எங்கள் வீட்டு மஞ்சப்பைக்குள் வந்து சேர்ந்தது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி நானும் அவளும் மாற்றி மாற்றி ஊதினோம்.

விழா சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் காய்ச்சல் விட்ட கையோடு, உதட்டோரம் குறுகுறுவென்றது. எனக்குத் தெரிந்துபோயிற்று. சொன்னால் அம்மா சங்கைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பயந்து, உதட்டை மடித்து வைத்துக்கொண்டே அன்றைய பொழுதை ஓட்டினேன். திங்கட்கிழமை காலையில் மறைக்க முடியவில்லை. கொப்புளங்கள் கொத்தாக எழும்பி உதடு தடித்துவிட்டது.

அம்மா இந்தத் தடவை பல்லியோடு நிற்கவில்லை. "இது அக்கி. நாளைக்கே எழுதிட்டு வந்துருவோம்," என்றாள். மண்பானை செய்கிறவரிடம் போனால் செங்காவியைக் குழைத்து, புண்ணைச் சுற்றிப் பூசி, சிங்கமோ என்னவோ வரைந்து அனுப்புவார். அதைக் கழுவக் கூடாது, தானாக உதிர வேண்டும். வாயைச் சுற்றிக் காவியோடு மேடையில் நின்றால் சங்கூத வந்தவளா, மாறுவேடப் போட்டிக்கு வந்தவளா என்று ஊரே கேட்கும். நான் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றேன். மாமாவிடம் மருந்து வாங்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் காயவில்லையென்றால் முகம் முழுக்கக்கூட எழுதிக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். அம்மாவின் தம்பிக்குப் பஜாரில் மருந்துக் கடை இருந்தது. தம்பி பேரைச் சொன்னதும் அம்மா இறங்கி வந்தாள்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் சித்தி மகளையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் உதட்டைப் பார்த்தார்.

"பல்லியும் இல்ல, பாச்சையும் இல்ல. இது வைரஸு," என்றார்.

"அப்பம் அக்கி இல்லையா மாமா?"

"அக்கியும் இதுவும் பங்காளிக. ஆனா வீடு வேற வேற. நேத்து குறுகுறுன்னு இருக்கும்போதே வந்திருந்தா இன்னும் சுருக்கா அமுங்கியிருக்கும். போவட்டும்."

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். அசைக்ளோவிர் க்ரீம் என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாமா சொல்லிக்கொண்டே போனார். "நாலு மணி நேரத்துக்கு ஒருக்க, ஒரு நாளைக்கு அஞ்சு வேள. அஞ்சு நாளு. ஒரு வேளகூட விடப்பிடாது. தேய்க்காத, பஞ்சுக் குச்சில தொட்டு ஒத்தணும். முன்னயும் பின்னயும் சோப்புப் போட்டுக் கை கழுவு. அந்தக் கைய கண்ணுல கொண்டு போயிராத. வாய்க்குள்ள பட்டுராம பாத்துக்கோ."

சங்கு விஷயத்தை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பார் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. சித்தி மகள் வாயைத் திறக்கப் பார்த்தாள். அவள் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். மாமா அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததில் அது என் காதில் ஏறவில்லை.

அந்த ஐந்து நாளும் நான் இருந்த இருப்பை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது. வீட்டுப்பாடம் எழுத ஒரு நாளும் தானாக எழுந்திராதவள் ஆறு மணிக்கு முன்னால் எழுந்து, கை கழுவி, கண்ணாடி முன் நின்றேன். ட்யூப் ஜாமெட்ரி பெட்டிக்குள் காம்பசுக்குப் பக்கத்தில் பள்ளிக்கு வந்தது. பத்து மணிக்குக் கணக்கு வகுப்பு. சொன்னால் விடமாட்டார்கள் என்று வயிற்று வலி என்று பொய் சொல்லிக் குழாயடிக்குப் போய்ப் போட்டேன். நான்கு நாளும் அதே நேரத்துக்கு வயிறு வலித்ததில் கணக்கு டீச்சர் பயந்து அம்மாவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். எனக்கென்று தனித் துண்டு, தனித் தட்டு, தனி டம்ளர். அம்மாவே பார்த்து மலைத்துப்போனாள்.

பயிற்சியையும் விடவில்லை. சங்கின் வாய் புண்ணில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வலது பக்கமாக ஒதுக்கிப் பிடித்து ஊதப் பழகிக்கொண்டேன். ஆனால் சித்தி மகள் திங்கட்கிழமையிலிருந்து சங்கைத் தொடவே இல்லை. "நீயே ஊதுளா, எனக்கு மூச்சு வரல்ல," என்பாள். சோம்பேறி என்று திட்டினேன். என் புண்ணைப் பார்த்து அருவருப்புப்படுகிறாளோ என்று கோபம்கூட வந்தது. "சங்குக்கு எச்சி கிடையாதுளா. டீச்சர் சொன்னாவல்லா," என்று அதட்டினேன். அவள் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கொப்புளங்கள் வற்றி மஞ்சளாகப் பொருக்குக் கட்டிவிட்டன. அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அக்கிப் பேச்சை எடுக்காமல் அடுக்களைக்குப் போனாள். எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டுப்பாவாடையில் மேடையேறினேன். பின்னால் ஓரடி தள்ளி அவள் நின்றாள். மைதானம் நிறையக் கூட்டம். முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர். மூன்றாவது வரிசையில் அம்மாவும் சித்தியும். விளக்கு ஏற்றியதும் டீச்சர் தலையசைத்தார். முதல் முறை ஊதினேன். பேச்சுச் சத்தம் அடங்கியது. இரண்டாவது அதைவிட நீளமாக வந்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நீளமாக ஊத வேண்டியது. மூச்சை இழுத்து உதட்டை அழுத்தியதும் பொருக்கு வெடித்தது. சங்கிலிருந்து வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் காற்றுத்தான். சங்கின் வாயில் ரத்தம் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி, என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் சங்கை அவளிடம் நீட்டினேன்.

அவள் சங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாவாடை நுனியால் அதன் வாயை ஒரு துடை துடைத்துவிட்டு ஊதினாள். ஐந்து நாளாக மூச்சு வரவில்லை என்றவளுக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ, நிறுத்தவே இல்லை. கூட்டம் கைதட்டியது. பட்டியலில் என் பெயர் மட்டும் இருந்ததால் விருந்தினர் பேனாப் பெட்டியை எனக்கே கொடுத்தார். நானும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. மறுநாள் உதடு, ஈறு, நாக்கு எல்லாம் கொப்புளம். எனக்கு வந்ததெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. சித்தி அவளை அழைத்துப்போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். வாயைச் சுற்றிக் காவியோடு, மோரைக்கூட விழுங்க முடியாமல் அவள் சுருண்டு கிடந்தாள். திங்கட்கிழமை மாமா வந்து சத்தம் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் மாத்திரை எழுதினார். உதட்டுக்கு அதே க்ரீம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "எவ வாய் வச்ச சாமான்ல பிள்ள நீ வாய் வச்ச?"

நான் கதவோரம் நின்றேன். சங்கு என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

"பல்லிதான் மாமா," என்றாள் அவள், வாயைத் திறக்க முடியாமல். "உறங்கும்போது மேல விழுந்துச்சு."

"நான் சொன்னா எவன் கேக்கான்!" என்று அம்மா உடனே விளக்குமாற்றைத் தேடினாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. அந்த வாரம் பள்ளியில் துறைமுகத்துக்குள் கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிக் காட்டினார்கள். அவள் வரவில்லை. நான் போய்வந்து, அவள் உதட்டுக்கு வேளை தவறாமல் மருந்து ஒத்திக்கொண்டே, கப்பல் எவ்வளவு பெரிது என்று விலாவாரியாகச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில், ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் செய்தாள். உதட்டோரம் குறுகுறுவென்கிறதாம், நர்ஸிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம்.

"ஏளா, பிள்ளைக்கு முத்தம் குடுக்கலாமா?"

"குடுத்திராத," என்று கத்திவிட்டேன். "பச்சப் பிள்ளைக்கு ஆகாது. காஞ்சு உதிர்ற வரைக்கும் கிட்டப் போகும்போது வாயில மாஸ்க் போட்டுக்கோ. பால் குடு, முத்தம் மட்டும் வேண்டாம். கூச்சப்படாம இப்பமே டாக்டர்ட்ட சொல்லு."

இத்தனை வருஷம் தொண்டையில் இருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "ஒண்ணு சொல்லணும்ளா. அது பல்லி இல்ல. நான் குடுத்தது."

"தெரியும்ளா," என்றாள்.

"எப்பம் தெரியும்?"

"கடையில வச்சே மாமா சொன்னாவல்லா, நீ வாய் வச்சதுல வேற யாரும் வாய் வச்சா ஒட்டிக்கிடும், ஒருக்க வந்துட்டா உள்ளயே கெடக்கும்னு. நீ விரல எண்ணிக்கிட்டு நின்ன. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

"பொறவு எதுக்குளா வாங்கி ஊதுன?"

"அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காவ. நீ அழப் போனல்லா." குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. "சரி, வைக்கேன். பிள்ள முழிச்சிட்டா."

ஒன்பது நாள் ஆயிற்று அவள் உதடு காய. பத்தாம் நாள், குழந்தையின் நெற்றியில் முத்தமிடும் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டு ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். பதினோரு வயதில் அந்த மேடையை விட்டு இறங்கும்போது, நினைத்ததை விடாப்பிடியாக முடித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; தெரிந்தே வாய் வைத்து முடித்தவள் அவள்.