நம்ம ஊர் மனு

அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பார்கள். டைப் அடிக்கிறவள் படிக்காமல் எப்படி அடிப்பது? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கையால்தான். யாருக்கு எந்த நிலத்தில் வழக்கு, யார் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் என்னால் முடியாது. எனக்கு மூக்கு நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஐப்பசியில் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் கடைக்கு வந்தார். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே. கட்சி மாநாட்டு மலரில் பழைய உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பு போடுகிறார்களாம். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒன்றில் எழுத்து, ஒன்றில் படம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாலு தேர்தலில் நின்றிருக்கிறார். முதல் முறை தோல்வி. இரண்டாவது முறை வெற்றி. மூன்றாவது முறை கொஞ்ச ஓட்டில் தோல்வி. நாலாவது முறை டெபாசிட் போயிற்று.

"டெபாசிட் போனதையும் போடணுமா அண்ணாச்சி?"

"போடு. தோத்ததும் வரலாறுதான?"

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். முதல் முறை புதுச் சின்னம், ஜனங்களுக்குப் பிடிபடவில்லையாம். நாலாவது முறை அலை எதிர்ப்பக்கம் அடித்ததாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான். அடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது முறைக்கு வந்ததும் குரல் மாறியது.

"சொந்த ஊரைச் சேர்ந்த துரோகி ஒருவரின் சதியால் வெற்றி வாய்ப்பை இழந்தார். அப்படிப் போடு. அவன் பேரையும் போடு."

என் கை நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பங்காளி பெயரை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆளைத் துரோகி என்று பெயரோடு அச்சடிக்கச் சொன்னது இவர்தான் முதல். மலர் எல்லாக் கிளைக்கும் போகும், அந்த ஊருக்கும் போகும். அந்த ஆள் நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பான்?

"யாரு அண்ணாச்சி அது?"

அவரோடு ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதர். நாலு தேர்தலில் மூன்றுக்கு அவர்தான் சொந்த ஊரில் பூத் ஏஜென்ட். வாக்குச்சாவடிக்குள் கட்சிக்காக உட்கார்ந்து, வருகிறவர்களைப் பட்டியலில் சரிபார்க்கிற வேலை. மூன்றாவது தேர்தலில் சொந்த ஊர் ஓட்டு பாதிக்கு மேல் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. அது மட்டும் விழுந்திருந்தால் அண்ணாச்சி ஜெயித்திருப்பார்.

"உள்ள உக்காந்திருந்தவன் அவன். வீட்டுக்குள்ள இருக்கவனுக்குத் தெரியாம வீட்ல களவு போகுமா? வெலை போயிட்டான் பய. அன்னையிலேருந்து அவன் மூஞ்சில முழிக்கல."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஒரு ஊர் முழுக்க ஏன் கை மாறியது என்று ஒரு தடவையாவது அந்த ஆளிடம் கேட்டாரா? கேட்கவில்லையாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். நானாக இருந்தால் ஓட்டு எண்ணி முடித்த அன்றைக்கே போய்க் கதவைத் தட்டியிருப்பேன்.

மறுநாள் படங்களுக்காக ஒரு தகரப் பெட்டியை அவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி எம்.எல்.ஏ.வாக இருந்தபோது பஸ் விடுவதில் கெட்டிக்காரர். புது டவுன் பஸ் விட்டால், எம்.எல்.ஏ. பச்சைக் கொடி காட்டி, முதல் டிரிப்பில் தானும் ஏறி ஊருக்குள் போக வேண்டும். பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டி, டிரைவருக்கு மாலை போட்டு, ஒரே அமர்க்களமாக இருக்கும். பெட்டியில் அந்தப் படங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. புளியங்குடிப் பக்கத்துக் கிராமங்கள், சிவகிரிப் பக்கத்துக் கிராமங்கள், கரிசல் காட்டு ஊர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுப் பார்த்தால் அவருடைய சொந்த ஊர் மட்டும் இல்லை.

கீழே கொட்டிவிட்டதோ என்று மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தேன். பிறகு பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் மனுக்கள் ஒரு துண்டில் கட்டிக் கிடந்தன. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. மனுவை வாங்கியதும் மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவார். ‘உடனே’, ‘கலெக்டரிடம் பேச’, ‘இது ஆகாது’. பரவாயில்லையே, ஒழுங்கான ஆள்தான் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவர் ஊர் மனு நடுவில் இருந்தது.

கோடு போட்ட நோட்டுத்தாள். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு இரண்டு மைல். மழைக்காலத்தில் கரிசல் சகதி முழங்கால் வரை ஏறுகிறது. சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிற பெண்கள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போய்ச் சேருவதற்குள் பீடி நனைந்துவிடுகிறது, கடைக்காரர்கள் கழித்துவிடுகிறார்கள். ரோட்டோடு போகிற டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பினால் போதும். இவ்வளவுதான் விஷயம். கீழே நாற்பது பெண்களின் கையெழுத்தும் ரேகையும். அவற்றுக்கு முன்னால் முதல் கையெழுத்து ஒரு ஆணுடையது. துரோகி என்று நான் அடிக்க இருந்த அதே பெயர்.

மேல் மூலையில் சிவப்பு மையில் இருந்தது: ‘நம்ம ஊர். கடைசியில் பார்க்கலாம்.’

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நானும் சின்ன வயதில் பீடி சுற்றியவள்தான். நனைந்த பீடியைக் கடைக்காரர் தரையில் தட்டிவிடும்போது அழுகை முட்டிக்கொண்டு வருமே, அது எனக்குத் தெரியும். கடையைப் பூட்டிவிட்டு மனுவோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார்.

"இது நான் எழுதுனதுதான்" என்றார்.

"ஊரெல்லாம் பஸ் விட்டிய. ஒங்க ஊருக்கு மட்டும் என்ன அண்ணாச்சி?"

"சொந்த ஊருக்கு மொதல்ல செஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கம்மா. ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு நெனச்சேன். நம்ம ஊருதான, கோவிச்சுக்கிட மாட்டாங்கன்னு..."

"பொறவு அந்த ஊருக்கு எப்பதான் பஸ் வந்துச்சு?"

"என்னத் தோக்கடிச்சவரு விட்டாரு. மூணே மாசத்துல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை. மனுவை மடித்து வைத்துக்கொண்டே, "நாளைக்கி அங்கன போணும். நீயும் வாரியா?" என்றார். நான் இதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் ஏன் என்னைக் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. அதையும் கேட்டுவிட்டேன். "தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை திருவேங்கடம் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். கார் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். அந்தப் பஸ்ஸில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. மெயின் ரோட்டிலிருந்து பஸ் ஊர்ப் பாதைக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் உளுந்து விதைத்த கரிசல், மழை பெய்து மினுமினுவென்று கிடந்தது. அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு மைலும் வெளியே பார்த்தபடியே வந்தார்.

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கல்லாவில் இருந்தவரைப் பார்த்ததும் அண்ணாச்சி பஸ் படியிலேயே நின்றுவிட்டார். அவர்தான் அந்தச் சிநேகிதர். அவர் மனைவி கடை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார் கடைக்காரர்.

ஒரே பெஞ்சில் படித்தவன், ஏலே வாலே என்று கூப்பிட்ட வாய், ‘வாங்க’ என்றது. அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"ஒருக்கா ஞாபகப்படுத்தியிருக்கலாம்லா?"

"மூணு வாட்டி வந்தேன். மூணு வாட்டியும் நம்ம ஊருக்கு என்ன அவசரம்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து அனுப்புனிய."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "தப்பு என் மேலதான். ஒன்னத் துரோகின்னு ஊரு பூரா சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. அத நான் எழுதியே குடுத்திருதேன்" என்றார்.

கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அவசரப்படாத. நீ கேக்கல, நானும் சொல்லல. இன்னைக்கு வந்துட்ட, கேட்டுட்டுப் போ. அன்னைக்குக் காலைல பத்து மணிக்கே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நம்ம ஊருப் பொம்பளைக ஓட்டுப் போட வந்தா என்னைப் பாத்துட்டுத்தான் போவாளுக. அண்ணே, என் பேரு இருக்கான்னு கேப்பாளுக, சிரிப்பாளுக. அன்னைக்கு ஒருத்தி கூட என் மொகத்தைப் பாக்கல. குனிஞ்ச தல நிமிராமப் போட்டுட்டுப் போனாளுக. பத்து பேரு போனதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு."

கடைக்காரர் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அப்ப பக்கத்து ஊர்ல இருந்த. வெளிய கட்சிப் பெஞ்சுல உக்காந்திருந்த நம்ம ஆளுகிட்ட ஒரு துண்டுச்சீட்டு குடுத்திருந்தா அரை மணி நேரத்துல வந்திருப்ப. தெருவுல நின்னு கையெடுத்துக் கும்பிட்டிருப்ப, அழுதிருப்ப. அவளுக எளகிப் போயிருவாளுக. நம்ம வீட்டுப் புள்ளலான்னு ஒனக்கே போட்டிருப்பாளுக. அடுத்த அஞ்சு வருசமும் தட்டத் தூக்கிட்டுச் சகதில நடப்பாளுக." உள்ளங்கையை மூடிக் காட்டினார். "எழுதுன சீட்டக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குடுக்கல."

"அப்ப ஒன் ஓட்டு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஒனக்குத்தான். காலைல ஏழு மணிக்கே மொத ஆளாப் போட்டுட்டேன்."

நான் வந்ததே தெரிந்துகொள்ளத்தான். தெரிந்துகொண்ட பிறகு அங்கே ஏன் நிற்கிறோம் என்று இருந்தது. சுற்றிய பீடியைத் தட்டில் வைத்துவிட்டு அந்தம்மா நிமிர்ந்தார். "இவரு பேசாம இருந்தது எங்களுக்குத் தெரியும் அண்ணே. ஒங்க பேச்சையும் இத்தன வருசம் எங்களுக்காகத்தான் வாங்கிக்கிட்டாரு" என்றார்.

பஸ் டிரைவர் ஆரன் அடித்தார். அண்ணாச்சி ஏறவில்லை. வண்டி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எதிரே போய்ப் பேச எனக்கே பயமாக இருந்தது. இப்போது கோபம் வருமோ, அழுகை வருமோ தெரியவில்லை. துரோகி என்று இருபது வருஷமாகச் சொன்னது பாதி நிஜம் என்று ஆகிவிட்டதே.

"நான் வந்து கும்பிட்டிருப்பேன்" என்றார் கடைசியில். "நீ சொன்ன மாதிரியே அழுதிருப்பேன். ஜெயிச்சிருப்பேன்."

"ஆமா."

"பஸ்ஸும் விட்டிருக்க மாட்டேன்."

கடைக்காரர் உள்ளே போய் மூன்று டீ போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. மழை, உளுந்து, முழங்கால் வலி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ வந்தது. நாங்கள் கிளம்பும்போது கடைக்காரர், "ஏலே, பையப் போலே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றார். துரோகி வரியை அடிக்க வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். ‘மூன்றாவது முறை தோல்வியுற்றார்’ என்பது மட்டும் நின்றது. பிறகு படப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கொடி காட்டுகிற படங்கள் ஆறு வைத்திருந்தேன். நடுவில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனுவைப் போடச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கட்சிக்காரங்க பாப்பாங்க அண்ணாச்சி. ஒங்க கையெழுத்துன்னு எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரியட்டும்."

ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்தேன். எனக்கே மனசு கேட்கவில்லை. மேல் ஓரத்தை லேசாக வெட்டினால் சிவப்பு எழுத்து போய்விடும், மனு மட்டும் நிற்கும், ஊருக்காக மனு வாங்கிய எம்.எல்.ஏ. என்று கௌரவமாகவும் இருக்கும். அதைச் சொன்னேன்.

"அந்த மூலைய வெட்டாதம்மா" என்றார். "அதுக்குத்தான் அதப் போடுதோம்."